பேசாத டீச்சரின் காடு

ரேணுகாம்பாள் டீச்சருக்குத் தொண்டை கட்டியது போன வருஷம் மாசி மாதத்தில். முதல் இரண்டு நாள் எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்போதுதான் தெரிந்தது.

திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் மனை போட்டு விற்ற இடத்தில் இருக்கிறது எங்கள் தெரு. மொத்தம் இருபத்திமூன்று வீடு. வால்வைத் திறந்து தண்ணீர் விடுகிற இருசப்பன் மற்ற தெருக்களுக்கு மனசு வந்தபோது விடுவார். எங்கள் தெருவுக்கு மட்டும் ஆறே முக்காலுக்குத் தவறாமல் விடுவார். நாங்கள் அவரை ஏதோ தனியாகக் கவனிக்கிறோம் என்று பக்கத்துத் தெருவில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் ஒன்றும் கவனிக்கவில்லை. ஏழு மணிக்குள் தண்ணீர் வராவிட்டால் டீச்சர் மொட்டை மாடியில் ஏறி நின்று, "இருசப்பண்ணே!" என்று ஒரே ஒரு குரல் கொடுப்பார். அவர் இருக்கிற தண்ணீர்த் தொட்டி அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கேட்டுவிடும்.

அந்தக் குரல் அவருக்குப் பிறந்த வீட்டுச் சொத்து. கீழ்பென்னாத்தூருக்கு அருகே மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டுப் பிழைத்த குடும்பம். மூன்று பெண்களில் இவர் கடைசி. அப்பாவுக்குக் காது மந்தம். அதனால் அந்த வீட்டில் சோறு போடவா என்று கேட்பதையும் கத்தித்தான் கேட்க வேண்டும், பாசத்தையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் படம் நன்றாகப் போட்டதால் ஓவிய ஆசிரியர் பயிற்சி முடித்தார். கிரிவலப் பாதையைத் தாண்டி உள்ளே போனால் ஒரு அரசு நடுநிலைப் பள்ளி. அதில் பகுதிநேர ஓவிய டீச்சர் வேலை கிடைத்தது. வாரத்தில் மூன்று அரை நாள். கணக்கு வாத்தியார் விட்டுக்கொடுத்தால் மட்டும் ஓவிய வகுப்பு. பதினான்கு வருஷமாக போர்டில் மாம்பழம், மண்பானை, தேசியக் கொடி போட்டுக் காட்டினார். பிள்ளைகள் தங்கள் இஷ்டத்துக்கு வரையச் சொன்னால் இரண்டு மலை போட்டு நடுவில் சூரியனை வைப்பார்கள். "இருக்கிறதே ஒரு மலை. ரெண்டாவது எங்கடா பாத்தீங்க?" என்று டீச்சர் வருஷா வருஷம் கத்துவார். வருஷா வருஷம் இரண்டு மலையே வந்தது.

கணவர் மாறன், கலெக்டர் ஆபீஸ் எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சாது. ஒரு நாளில் அவர் பேசும் பேச்சில் பாதி, "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்பதுதான். ஒரே மகள் மணிமொழி சேலத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் மாறன்தான் அழைத்துப்போனார். டாக்டர் வாய்க்குள் ஒரு குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, திரையில் அவர்களுக்கும் காட்டினார்.

"மம்பட்டி புடிச்சா கையில காய்ப்பு காய்க்கும் இல்ல? அது மாதிரி உங்க குரல் நாண்ல காய்ச்சிருக்குது. ஆறு வாரம் பேசக் கூடாதுங்க."

"மெதுவா?" என்று டீச்சர் கரகரத்தார்.

"மெதுவாவும் கூடாது. குசுகுசுன்னு பேசறது கத்தறதவிட கெடுதல். ஒரு வார்த்தை கூடாது."

"ஸ்கூல்ல?"

"லீவு போடுங்க."

"வீட்ல?"

டாக்டர் மாறனைப் பார்த்தார். மாறன் சுவரில் இருந்த காது படத்தைப் பார்த்தார்.

முதல் வாரம் எங்கள் தெருவுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், நானும் சந்தோஷப்பட்டவன்தான். ஆவணக் காப்பறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சத்தமில்லாமல் வாழ்ந்து பழகியவன். பகலில் தூங்க முடிந்தது. இரண்டாவது வாரம் தண்ணீர் பத்து மணிக்கு வந்தது. மூன்றாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். குப்பை வண்டி தெருமுனையோடு திரும்பியது. பௌர்ணமிக்கு வந்தவர்கள் எங்கள் கேட்டுகளை அடைத்துக் கார்களை நிறுத்திவிட்டு மலை சுற்றப் போனார்கள். போய்ச் சொல்ல ஆளில்லை. பேச வேண்டியதை எல்லாம் ஒருத்தரிடம் விட்டுவிட்டு இருபத்திரண்டு வீடு நல்ல பேர் வாங்கிக்கொண்டிருந்தோம் என்பது எங்களுக்கு அப்போது உறைத்தது. உறைத்ததே தவிர, யாரும் மாடியில் ஏறவில்லை.

பக்கத்து வீட்டுக் காசி வாஷிங்மெஷின் தண்ணீரை அதுவரை வாளியில் பிடித்துக் கொல்லைக்குக் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் வாய் மூடிய இருபதாம் நாள் ஒரு பைப்பை வாங்கி மாட்டி, டீச்சர் வீட்டுக் கேட்டு முன்னால் விட்டுவிட்டார். டீச்சர் வெளியே வந்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"இன்னா டீச்சர், ஒடம்பு பரவாயில்லயா?" என்று காசி அன்பாகத்தான் கேட்டார்.

டீச்சர் உள்ளே ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது காசி கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டிருந்தார். எழுத்தில் சண்டை போட முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று டீச்சர் பின்னால் என்னிடம் சொன்னார். கோபத்தில் முதல் வரியை முடிப்பதற்குள் எதிராளிக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிடுகிறது.

நோட்டை வீசிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். மாறன் கடையின் பழைய பெயர்ப்பலகை, ப்ளைவுட், அங்கே சாய்ந்து கிடந்தது. வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய வெள்ளையும் பச்சையும் டப்பாவின் அடியில் இருந்தன. கறுப்புச் சாயம் ஒரு ட்யூப். இரண்டு இஞ்ச் பிரஷ்ஷைத் தோய்த்துப் பலகையின் அடியிலிருந்து உச்சிவரை ஒரே இழுப்பாக இழுத்தார். அது ஒரு அடிமரமாக நின்றது. அந்த மரம் காசி. அடுத்தது இருசப்பன். அடுத்தது கேட்டை அடைத்துக் கார் நிறுத்திய, பெயர் தெரியாத யாரோ. சாயங்காலம்வரை இழுத்ததில் மரங்கள் தோளோடு தோள் நெருங்கி நின்றன. மேலே இலைகளைக் குத்திக் குத்தி வைத்தார். பிரஷ்ஷின் மயிர் உதிர்கிற அளவுக்குக் குத்தினார். பச்சை தீர்ந்துபோன இடத்தில் பலகையின் வெறும் மஞ்சள் அப்படியே தெரிந்தது. பார்க்கிறவர்கள் அதைக் காலை வெயில் என்றார்கள்.

காடு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு கேட்டேன். கல்யாணமான புதிதில் ஜவ்வாது மலைக்குப் போனபோது பஸ் நடுவழியில் நின்றுவிட்டதாம். நான்கு மணி நேரம் கண்டக்டரோடு சண்டை. அந்த நான்கு மணி நேரமும் கண்டக்டரின் முதுகுக்குப் பின்னால் காடு இருந்திருக்கிறது. "நான் அதப் பாக்கவே இல்லைங்க. ஆனா பாத்திருக்கேன்போல" என்றார்.

மாறன் கடையைச் சாத்திவிட்டு வந்து பலகையின் முன்னால் நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லாருக்குது ரேணு. பாத்துக்கிட்டே இருக்கலாம்போல இருக்குது."

டீச்சர் நோட்டில் எழுதினார்: எடுத்துட்டுப் போய் எங்கயாவது போடுங்க.

மாறன் அதை மொபெட்டில் வைத்துத் தேரடிப் பக்கம் கலீல் ரஹ்மான் கடைக்குக் கொண்டுபோனார். மூன்று தலைமுறையாகப் படத்துக்குச் சட்டம் போடுகிற கடை. சாமி படம், மெக்கா படம், கல்யாண போட்டோ, டிகிரி சர்ட்டிபிகேட், எல்லாம் அங்கேதான். "எல்லாருக்கும் எங்கிட்ட ஒரே சைஸ் கண்ணாடிதான்" என்பார் கலீல் பாய். அவர் கடைச்சுவரில் ஒரு இடத்தில் ஓதம் ஏறிக் காரை பெயர்ந்திருந்தது. அதை மறைக்கச் சரியான அளவாக இருந்ததால் காட்டுக்குத் தேக்கு நிறத்தில் சட்டம் போட்டு அங்கே மாட்டினார்.

அதற்கப்புறம் கடையில் ஒரு மாற்றம் தெரிந்தது. கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது என்று சண்டைக்கு வந்த ஒருத்தர் அந்தச் சுவரைப் பார்த்தபடி நின்று, வந்த விஷயத்தை மறந்து திரும்பிப் போனார். ஒரு மாதிரி சாந்தமாக இருக்கிறது என்றார்கள். உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம் போல் இருக்கிறது என்றார்கள். யார் வரைந்தது என்று கேட்டவர்களுக்குக் கலீல் பாய் உள்ளதைச் சொன்னார்: "ஒரு டீச்சரம்மாங்க. அவங்க பேசறதில்ல."

வேறு ஊராக இருந்தால், பாவம், ஊமையா என்று கேட்டிருப்பார்கள். திருவண்ணாமலையில் அப்படி யாரும் கேட்பதில்லை.

அறிவுச்செல்வன் அந்தக் கடைக்கு வந்தது மனைவியின் படத்துக்குச் சட்டம் போட. சென்னையில் பெரிய பெரிய கட்டடங்கள் கட்டிய இன்ஜினீயர். மனைவி இறந்த பிறகு அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டி, மாடியில் ஒரு தியானக் கூடமும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு வருஷமாகத் தூக்கம் இல்லை. எங்கெங்கோ போய் மூச்சுப் பயிற்சியெல்லாம் கற்றுக்கொண்டார், ஒன்றும் ஆகவில்லை. அன்று கலீல் பாயின் ஸ்டூலில் உட்கார்ந்து காட்டைப் பார்த்தபடி இருபது நிமிஷம் தூங்கிவிட்டார். பாய் எழுப்பவில்லை.

மறுநாளே டீச்சர் வீட்டுக்கு வந்தார். கையில் பழத்தட்டு. டீச்சர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளாம்மா மௌனம்?"

டீச்சர் எழுதினார்: நாப்பது நாள்.

"யார் சொல்லி ஆரம்பிச்சீங்க?"

டாக்டர் என்று எழுதினார்.

அறிவுச்செல்வன் அதை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது. "ஆமாம்மா. உள்ள இருக்கிற வைத்தியன் சொன்னாத்தான் கேக்கும். வெளியில யார் சொன்னாலும் கேக்காது" என்றார்.

டீச்சர் மாத்திரைச் சீட்டை எடுக்க எழுந்தார். அதற்குள் அவர் கைகூப்பி விடைபெற்றுவிட்டார். தன் கூடத்தின் சுவர் முழுக்க, பதினான்கு அடிக்கு ஒன்பது அடி, ஒரு காடு வேண்டும் என்று மாறனிடம் கேட்டுவிட்டுப் போனார். மாறன் பழக்கதோஷத்தில், "ஒரு பக்கமாங்க, ரெண்டு பக்கமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆறு வாரம் முடிந்து டாக்டரிடம் போனால் காய்ப்பு கொஞ்சம்தான் குறைந்திருந்தது. பேசினீர்களா என்று கேட்டார். இல்லை என்று டீச்சர் தலையாட்டினார். மாறன் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார். "தூக்கத்துல திட்டறாங்க சார்." டாக்டர் இன்னும் ஆறு வாரம் போட்டார்.

கோடை விடுமுறை வந்தது. டீச்சர் தினமும் காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போய்ச் சாரத்தில் ஏறுவார். சேலத்திலிருந்து மணிமொழி போன் செய்தால் சாரத்தின் மேலேயே எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். ஆமாம் என்றால் நகத்தால் போனில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. சாப்பிட்டியாம்மா என்று மகள் கேட்டால் சில நாள் ஒரு தட்டு, சில நாள் இரண்டு தட்டு.

பத்து மணிக்கு மேல் கூடத்துக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து, ஹைதராபாத்திலிருந்து. டீச்சரின் முதுகுக்குப் பின்னால் பாய் விரித்துக் கண்ணை மூடி உட்காருவார்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தொண்டையைச் செருமும் ஒருத்தர் இருந்தார். அவரைச் சுவரின் இடது ஓரத்தில் முறுக்கிக்கொண்ட ஒரு மரமாக்கினார் டீச்சர். மூச்சை இழுத்துவிடும்போது விசில் அடித்த அம்மாள் ஒரு புளியமரம். தன் செருப்பின் மேல் செருப்பைக் கழற்றி வைத்தவருக்கு மரமாகும் தகுதிகூட இல்லை, அவர் புதர். எவ்வளவுக்கு எவ்வளவு ஆட்கள் வந்தார்களோ அவ்வளவுக்குக் காடு அடர்ந்தது. காடு அடர அடர, மனசு அப்படியே அடங்குகிறது என்று சொல்லி இன்னும் ஆட்கள் வந்தார்கள்.

ஒரு நாள் ஒரு பெண்மணி உணர்ச்சிவசப்பட்டு ஏணியில் நின்ற டீச்சரின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏணி ஆடியது. டீச்சர் ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நோட்டில் எழுதிக் காட்டினார்: விழுந்துடுவேன். அந்த அம்மா அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பர்சில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார்.

அந்த வீட்டை ஒட்டி ராணியம்மாளுக்கு அறுபது சென்ட் நிலம். கனகாம்பரமும் கீரையும் போட்டுப் பௌர்ணமிக்கு வருகிறவர்களிடம் விற்பவர். அறுபது வயசு இருக்கும். அவர் தினமும் பின்வாசலுக்கு வந்து ஏதோ சொல்வதும், வீட்டைப் பார்த்துக்கொள்கிற பிரகாஷ், "உஷ்! மேல தியானம் நடக்குதும்மா, அப்புறம் வா" என்று அனுப்புவதும் டீச்சருக்குச் சாரத்தின் மேல் கேட்கும். ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து ராணியம்மாள் நேராக மாடிக்கே வந்துவிட்டார். கூடத்தில் டீச்சர் மட்டும்தான்.

"நீதான் இத வரையறயாம்மா?"

டீச்சர் தலையாட்டினார்.

ராணியம்மாள் இடுப்பில் கையை ஊன்றிச் சுவரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். "இன்னாம்மா இது, மரமெல்லாம் சண்டைக்கு நிக்கிறாப்பல கீது? ஒருத்தன் உள்ள போவ வழி வுடலயே!"

டீச்சர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தார். அதுவரை வந்தவர்களில் அந்தக் காட்டைச் சரியாகப் பார்த்த முதல் ஆள்.

ராணியம்மாள் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார். வீட்டின் சமையலறை, குளியலறைத் தண்ணீரெல்லாம் ஒரு பைப் வழியாக வந்து காம்பவுண்டுக்கு வெளியே விழுந்தது. அங்கிருந்து சரிவு. சரிவின் முடிவில் ராணியம்மாளின் கிணறு. எட்டிப் பார்த்தால் தண்ணீரின் மேல் சோப்பு நுரை வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கீரைப்பாத்தி ஓரம் கருகியிருந்தது.

"மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. இந்த ஊட்டுக்காரர் நல்லவர்தான், பாத்தா கும்புடறார். ஆனா சொல்ல வுடமாட்றாங்களே."

அன்று சாயங்காலமே டீச்சர் அறிவுச்செல்வனிடம் எழுதிக் கொடுத்தார்: இங்கேருந்து போற அழுக்குத் தண்ணி பக்கத்துக் கெணத்துல விழுது. பைப்பை மாத்தணும்.

அவர் வாசித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "சத்தியம்மா. நம்ம அழுக்கு பக்கத்துல இருக்கிறவங்களுக்குத்தான் போய்ச் சேருது. மாத்தணும். இந்த ஜென்மத்துலயே மாத்தணும்" என்று சொல்லி, தாளை மடித்துச் சட்டைப் பையில், நெஞ்சுப் பக்கமாக, வைத்துக்கொண்டார்.

வைகாசி மாதம் டாக்டர் மறுபடியும் குழாய் விட்டுப் பார்த்தார். காய்ப்பு போயிருந்தது. "பேசலாங்க. ஆனா பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் ஒரு நாளைக்குப் பத்தே நிமிஷம். கத்தக் கூடாது" என்றார். முதல் நாள் பத்து நிமிஷமும் மணிமொழிக்கே போதவில்லை. இரண்டு பேரும் அழுததில் நாலு நிமிஷம் போய்விட்டது. இரண்டாம் நாள் இருசப்பனுக்கு மூன்று நிமிஷம், காசிக்கு நான்கு நிமிஷம், மிச்சம் மூன்று நிமிஷம் குப்பை வண்டிக்கு. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் காட்டின் திறப்பு விழா. டீச்சருக்குப் பேச்சு வந்தது அங்கே யாருக்கும் தெரியாது.

விழாவுக்கு மாறனோடு நானும் போயிருந்தேன். அறுபது பேர் இருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் வெள்ளை உடுப்பு. திரையை விலக்கியதும் கூட்டம் மூச்சடங்கிப்போனது. நானும்தான். அதில் நானும் ஒரு மரமாக எங்காவது நிற்கலாம் என்று தெரிந்திருந்தும், அந்த இலையடர்த்தியைப் பார்த்தபோது எனக்குள் என்னவோ தணிந்தது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

"இந்த அம்மா மூணு மாசம் ஒரு வார்த்தை பேசாம இந்தக் காட்ட வளர்த்திருக்காங்க" என்றார் அறிவுச்செல்வன், மெல்லிய குரலில். "நாமளும் கொஞ்ச நேரம் பேசாம இருப்போம்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். கீழே பின்வாசலில் ராணியம்மாளின் குரல் கேட்டது. அதைத் தொடர்ந்து பிரகாஷின் உஷ். மறுபடியும் ராணியம்மாள், மறுபடியும் உஷ். டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார்.

"கண்ணத் தொறங்க" என்றார்.

அது பழைய குரல் இல்லை. தாழ்ந்து, கனமாக வந்தது. அறுபது பேரும் திறந்தார்கள்.

"கீழ ஒரு அம்மா கூப்புடறாங்களே, யாருக்காவது கேக்குதா? அவங்க கெணத்துல இந்த வீட்டு சோப்புத் தண்ணி விழுது. ரெண்டு மாசமா சொல்றாங்க, வாசல்லயே நிக்க வெச்சி உஷ்ஷுன்றீங்க. மொதல்ல பைப்பை மாத்துங்க. அப்புறம் கண்ண மூடுங்க."

முன்வரிசையில் ஒருத்தர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஹைதராபாத்காரர் ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொன்னார் என்று கேட்க, அவர் தெலுங்கில் சொல்ல, அது அங்கிருந்து அடுத்த வரிசைக்கு இங்கிலீஷில் போனது. கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் பைப் மனமாகிவிட்டது, கிணறு ஆத்மாவாகிவிட்டது. டீச்சருக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. மறுபடியும் சொன்னார். சோப்பு என்றால் சோப்புதான் என்றார். மூன்று இஞ்ச் பைப் என்று அளவும் சொன்னார். ஒருத்தர் மூன்றை முக்குணங்கள் என்று குறித்துக்கொண்டதை நானே பார்த்தேன். பத்து நிமிஷம் ஆனதும் டாக்டர் சொல் தட்டாமல் டீச்சர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைய நிகழ்ச்சியில் அந்தக் கடைசி மௌனம்தான் உச்சம் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் டீச்சரின் முகம் கோபத்தில் சிவந்திருந்தது. மாறன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "நாளைக்குப் பத்து நிமிஷம் இருக்குது இல்ல, ரேணு" என்றார்.

மறுநாள் டீச்சர் ஒரு நிமிஷம்கூடச் செலவழிக்கவில்லை. அறிவுச்செல்வனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நடந்தார். சரிவில் இறங்கி, கிணற்று மேட்டில் அவரை நிறுத்தி, "எட்டிப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

அறிவுச்செல்வன் எட்டிப் பார்த்தார். நுரை சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பிப் பைப்பைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்தார். நாற்பது வருஷ இன்ஜினீயர் முகத்துக்குத் திரும்பி வந்தார்.

"எவன் இந்த வாட்டம் வெச்சது? ரோட்டுப் பக்கம் சோக்பிட் குழி தோண்டச் சொன்னேனே!" என்று அலறினார். அங்கேயே போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கால் மணி நேரம் கத்தினார். தியானத்துக்கு வந்திருந்தவர்கள் மாடி ஜன்னலில் வந்து நின்று பார்த்தார்கள். நான்கு நாளில் பைப் திரும்பியது. கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யவும் ஆள் விட்டார். ராணியம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்டார். "வுடு சார், நீ இன்னா பண்ணுவ, ஒனக்குத்தான் யாரும் எதுவும் சொல்லலயே" என்றாராம் அந்த அம்மா.

மேஸ்திரியைத் திட்டிய அன்று ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கியதாக அறிவுச்செல்வன் கலீல் பாயிடம் வந்து சொன்னார். அதற்குக் காரணம் காடுதான் என்பது அவர் முடிவு.

டீச்சருக்கு இப்போது குரல் முழுசாக வந்துவிட்டது. பழைய உயரத்துக்கு ஏறுவதில்லை, ஆனால் தேவையான தூரத்துக்குப் போகிறது. கலீல் பாய் கடைக்கு இன்னும் ஆட்கள் வந்து அந்தப் பேசாத அம்மாவின் படம் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். பாய் இப்போதும் உள்ளதைத்தான் சொல்கிறார். "இப்ப பேசறாங்க சார்." பாதிப் பேர் அதைக் கேட்டதும் வேறு படம் பார்க்கப் போய்விடுகிறார்கள். மீதிப் பேர் வாங்குகிறார்கள். மாதம் ஒன்றோ இரண்டோ. குரல் வந்த பிறகு வரைந்த காடுகளில் மரங்கள் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிற்கின்றன. நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதைகூட வருகிறது. முன்பு மாதிரி இல்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்குப் பாதை உள்ளதுதான் பிடித்திருக்கிறது. ஒன்றை வாங்கி வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

ஐப்பசியில் அறிவுச்செல்வன் மறுபடி டீச்சர் வீட்டுக்கு வந்தார். கூடத்தின் எதிர்ச் சுவர் வெறுமையாக இருக்கிறதாம். அதில் ஒரு கடல் வேண்டும், அலையில்லாத கடல், என்றார்.

"கடலுக்கு எவ்ளோ கோவம் வேணும்னு தெரியலயே சார்" என்றார் டீச்சர்.

அவர் அதையும் யோசித்துக்கொண்டே போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு மாறன் டீச்சரைப் பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் அழைத்துப்போய்க் கடலைக் காட்டிவிட்டு வந்தார். திங்கட்கிழமை ஒரு ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது, கடல் எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டேன். தாளை மெஷினில் நேராக வைத்து மூடினார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. சத்தம்தான் ஜாஸ்தி" என்றார்.